காட்டில் குழாய், ஊரில் அடுப்பு: எரிவாயுச் செலவு யார் தலையில்?

‘எங்கள் தோட்டத்துக்குள் எரிவாயுக் குழாய் வரப்போகிறது என்று அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோவையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குழாயிலேயே கேஸ் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிலிண்டர்தான். நிலம் விடுகிற எங்களுக்கு இணைப்பு கிடைக்குமா? கிடைத்தால் அதற்கு நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?’

திருப்பூர் மாவட்ட வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிய கடிதம் இது. ‘இப்போதைக்குக் கிடைக்காது’ என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், அவர் கேட்டிருப்பது ஒரு கேள்வியல்ல, இரண்டு. குழாயைப் புதிய ஊர்களுக்கு நீட்டும் செலவு யாருடையது என்பது ஒன்று. அந்தச் செலவில் விவசாயி ஏற்கெனவே சுமக்கும் பங்கு கணக்கில் வருகிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பெரிய குழாய் வேறு, தெருக்குழாய் வேறு

தோட்டத்துக்கு மேலே 110 கே.வி. மின்கம்பி போகிறது என்பதற்காக அதிலிருந்து நம் மோட்டாருக்கு வயர் இழுக்க முடியாது. துணை மின்நிலையம், டிரான்ஸ்பார்மர் எல்லாம் தாண்டித்தான் மின்சாரம் கிணற்றுக்கு வரும். எரிவாயுவும் அப்படித்தான். நிலத்துக்குள் புதைக்கப்படும் பெரிய இரும்புக் குழாயில் மிக அதிக அழுத்தத்தில் வாயு ஓடுகிறது. வழியில் ஓர் இடத்தில் அதன் அழுத்தத்தைக் குறைத்து, வாசனை சேர்த்து, சிறிய குழாய்களில் பிரித்து, தெருத் தெருவாகக் கொண்டுபோக வேண்டும். இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வாசனை சேர்க்கிறார்கள்.

பெரிய குழாயைப் போடுவது ஒரு நிறுவனம். தெருவில் வீடுகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் வேறொரு நிறுவனம். இரண்டுக்கும் அனுமதி கொடுத்து முறைப்படுத்துவது, 2006-ம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். கோவை, சேலம், திருப்பூர், ராமநாதபுரம், காஞ்சிபுரம், கடலூர்-நாகப்பட்டினம்-திருவாரூர் போன்ற பகுதிகள் 2018-ல் நடந்த 9-வது சுற்று ஏலத்தில் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அடுத்தடுத்த சுற்றுகளில் மற்ற மாவட்டங்களும் போய்விட்டன. ஆகவே, ‘எங்கள் மாவட்டத்துக்கு அனுமதி இல்லை’ என்று இனி யாரும் சொல்ல முடியாது. அனுமதி இருக்கிறது, குழாய்தான் இல்லை.

ஏலத்தில் அதிக மதிப்பெண் எதற்குத் தெரியுமா? எத்தனை வீட்டு இணைப்பு கொடுப்பேன் என்று நிறுவனம் உறுதி சொல்கிறதோ, அதற்குத்தான். அப்படிச் சொல்லி எடுத்தவர்கள் முதலில் எங்கே போவார்கள்? அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கும் இடத்துக்கு. ஒரே படிக்கட்டில் நாற்பது அடுப்பு கிடைக்கும்போது, காட்டுக்குள் தனித்தனியாக இருக்கும் நாற்பது தோட்டத்து வீடுகளைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கணக்கு அப்படி.

ஒரு கிராமத்துக் கணக்கு

அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். கீழே உள்ள தொகைகள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. இடத்துக்கு இடம் மாறும்.

நகரத்தில் குழாய் நிற்கும் இடத்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். இணைப்பு கேட்கும் வீடுகள் 150. ஒரு கிலோமீட்டர் குழாய் பதிக்க 15 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊர் வரைக்கும் வரவே 60 லட்சம். அதாவது, வீட்டுக்கு 40,000 ரூபாய். ஊருக்குள் தெருக்குழாயும் மீட்டரும் தனி.

ஒரு குடும்பம் மாதத்துக்கு 12 கனமீட்டர் எரிக்கிறது. (ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம், குழாய் எரிவாயுவில் ஏறக்குறைய 17, 18 கனமீட்டருக்குச் சமம்.) வாயுவின் விலை, பராமரிப்பு எல்லாம் போக நிறுவனத்துக்குக் கனமீட்டருக்கு 8 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், ஒரு வீட்டிலிருந்து மாதம் 96 ரூபாய். ஆண்டுக்கு 1,152 ரூபாய். வட்டியே இல்லாமல் கணக்கிட்டாலும், வீட்டுக்குச் செலவிட்ட அந்த 40,000 ரூபாயை எடுக்க 34 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டியைச் சேர்த்தால் முதல் திரும்பவே திரும்பாது.

இந்த இடைவெளியை யாராவது ஒருவர் நிரப்பியாக வேண்டும். இணைப்பு வாங்கும் குடும்பம் கட்டலாம். ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் நகரத்துக்காரர்கள் கட்டணத்தில் நிறுவனம் அதை ஏற்றிவிடலாம். அரசு மானியம் தரலாம். அல்லது அந்த ஊர்ப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். நடைமுறையில் இதுதான் நடக்கிறது.

நம் விவசாயிகளுக்கு இது புதிய கதையல்ல. பம்ப்செட்டுக்கு மின் இணைப்பு கேட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். சாதாரண வரிசையில் பதிந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. கம்பம், கம்பிச் செலவில் பங்கு தருகிறேன் என்றால் 25,000, 50,000 ரூபாய் சுயநிதித் திட்டங்கள். அவசரம் என்றால் தட்கல்: 5 குதிரைத்திறன் வரை இரண்டரை லட்சம், 15 குதிரைத்திறனுக்கு 4 லட்சம். வசதி உள்ளவர் முந்தினார். இல்லாதவர் பதிவேட்டில் கிடந்தார். இணைப்பு வாங்குபவரே நீட்டிப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற முறை எப்படி முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான முறையை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். புதிய வீட்டுக்குக் குழாய் நீட்டும் செலவில் ஒரு பகுதியைப் பழைய வாடிக்கையாளர்களின் கட்டணத்திலிருந்தே கொடுத்தார்கள். ‘யாரோ வீடு கட்டுவதற்கு நான் ஏன் கட்ட வேண்டும்’ என்ற கேள்வி வந்தது. எரிவாயுவை விட்டு மின் அடுப்புக்கு மாறச் சொல்லும் காலத்தில் புதிய குழாய்க்கு உதவித்தொகை எதற்கு என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பரில் அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் சலுகையை நிறுத்த உத்தரவிட்டது. 2023 ஜூலை முதல் அது அமலுக்கு வந்தது.

நம் நாட்டில் இப்போது யார் கட்டுகிறார்கள்?

வீட்டு இணைப்பைப் பொறுத்தவரை, விதிகள் நுகர்வோருக்குச் சாதகமாகவே இருக்கின்றன. திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகையாக 5,000 ரூபாய் வரைதான் வாங்கலாம். இணைப்பை விட்டால் திருப்பித் தர வேண்டும். ஆனால், இந்த விதி குழாய் வந்து நிற்கும் தெருவுக்குத்தான் பயன்படும். தெருவுக்கே குழாய் வராத ஊருக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பால் என்ன பயன்?

பெரிய குழாய்களுக்கு, லாபம் வராத இடங்களில் மத்திய அரசே பணம் போட்டிருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் ஜகதீஷ்பூரிலிருந்து ஹால்தியா, பொகாரோ, தாம்ரா வரை போகும் ‘உர்ஜா கங்கா’ குழாய்க்கு 2016-ல் 12,940 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 5,176 கோடி மானியமாக ஒதுக்கப்பட்டது. அதாவது 40 சதவிகிதம். வடகிழக்கு மாநிலங்களின் குழாய்த் திட்டத்துக்கு 2020-ல் 9,265 கோடியில் 5,559 கோடி. அது 60 சதவிகிதம். பின்தங்கிய பகுதிக்கு நாடே சேர்ந்து கட்டுவது என்ற கொள்கை ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இன்னொரு பங்கீடும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் வாயு எத்தனை குழாய்களைக் கடந்து வருகிறதோ அத்தனைக்கும் தனித்தனியாக வாடகை. கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மலிவு. உள்நாட்டில் இருப்பவருக்கு ஏற்றம். 2023 ஏப்ரலில் இது மாறியது. இணைக்கப்பட்ட குழாய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சராசரி வாடகை, 73 ரூபாய் 93 காசு என்று வாரியம் நிர்ணயித்தது. இது வெப்ப அளவில் சொல்லப்படும் கணக்கு. கனமீட்டருக்கு மாற்றினால் மூன்று ரூபாய்க்குள் வரும். இந்தச் சராசரியை வைத்து, தூரத்தைப் பொறுத்து 300 கிலோமீட்டர் வரை, 1,200 வரை, அதற்கு மேல் என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். 2025-ல் செய்த திருத்தத்தில் மண்டலங்கள் இரண்டாகக் குறைந்தன. வீட்டு அடுப்புக்கும் வாகனத்துக்கும் போகும் வாயுவுக்கு எங்கே இருந்தாலும் முதல் மண்டலக் கட்டணமே என்று ஆனது. தபால் தலை மாதிரி: பக்கத்து ஊருக்கும் ஐந்து ரூபாய், காஷ்மீருக்கும் ஐந்து ரூபாய். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துத் தூரத்தில் இருப்பவரைத் தாங்குகிறார்.

ஆக, நுகர்வோர், நிறுவனம், அரசு என்று மூன்று பேர் பங்கும் கணக்கில் இருக்கிறது. நாலாவதாக ஒருவர் கட்டுகிறார். அவர் பெயர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பத்து சதவிகிதத்தின் கதை

பெரிய குழாய்க்காக நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. 1962-ம் ஆண்டு பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டப்படி, நிலத்தில் ‘பயன்பாட்டு உரிமை’யை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா நம் பெயரிலேயே இருக்கும். தீர்வையும் நாமே கட்டுவோம். ஆனால், அந்தப் பட்டைக்குள் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, குளம் குட்டை தோண்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இதற்கு ஈடாக, அறிவிப்பு வந்த நாளில் இருந்த சந்தை மதிப்பில் 10 சதவிகிதம். இதுதவிர, பயிர் சேதம், வெட்டப்படும் மரம், மற்ற சொத்துகளுக்கு ஏற்படும் சேதம் ஆகியவற்றுக்குத் தனியாக இழப்பீடு உண்டு.

2013-ல் புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தபோது, இந்த 1962 சட்டத்தை நான்காவது அட்டவணையில் வைத்து ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். சாலைக்கும் ரயிலுக்கும் நிலம் கொடுத்த பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கும் தொகையையும், குழாய்க்கு விட்டவர் வாங்கும் தொகையையும் ஒப்பிட்டு ஊரில் பேச்சு வருவது இதனால்தான்.

பத்து சதவிகிதம் போதுமா என்பதை ஒரு தென்னந்தோப்பை வைத்துப் பார்க்கலாம். பட்டையின் அகலம் 20 மீட்டர். அது தோப்பை 100 மீட்டர் நீளத்துக்குக் கடக்கிறது. 2,000 சதுர மீட்டர். ஏறக்குறைய 49 சென்ட். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்ற கணக்கில், அந்தப் பட்டையில் 34 மரங்கள் போகும். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்றால் 3,400 காய். காய் 15 ரூபாய்க்குப் போனால் 51,000 ரூபாய். பாதியைச் செலவுக்குக் கழித்தாலும் ஆண்டுக்கு 25,500 ரூபாய் கையில் நிற்கும்.

இப்போது இழப்பீடு. ஏக்கர் 20 லட்சம் என்று மதிப்பிட்டால், 49 சென்ட்டுக்கு 9 லட்சத்து 80 ஆயிரம். அதில் பத்தில் ஒரு பங்கு 98,000 ரூபாய். வங்கியில் 7 சதவிகிதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 6,860 ரூபாய். மரத்துக்கான தொகை தனியாக வரும், மறுப்பதற்கில்லை. அந்தப் பட்டையில் நிலக்கடலை, உளுந்து, மஞ்சள், காய்கறி என்று போட்டுக்கொள்ளவும் தடை இல்லை. ஆனால், தென்னை வைத்திருப்பவர்களில் பலர் ஆள் கிடைக்காமல்தான் தென்னைக்குப் போனார்கள். அறுபது வயதில் அவரை மறுபடியும் களை வெட்டச் சொல்வது எளிது, வெட்டுவது யார்? மூன்று ஏக்கர்காரருக்குத் தோப்பு இரண்டு துண்டாகிவிடுகிறது. நாளைக்குக் கிணறு வற்றி, நீரோட்டம் அந்தப் பட்டைக்குள் இருக்கிறது என்றால், போர் போட முடியாது. நிலத்தை விற்கப்போனால், குழாய் போகிற காடு என்று சொல்லித்தான் விலை கேட்பார்கள். மதிப்பும் பெரும்பாலும் பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பை ஒட்டியே போடப்படுகிறது. ஊரில் பேசப்படும் விலை அதைவிடக் கூடுதல் என்பது பத்திர ஆபீஸ் வாசலில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

அச்சத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 27-ம் தேதி ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்படி நடப்பது அரிது. ஆனாலும், தோட்டத்து வீட்டில் படுக்கிறவர் மனதில் அது இல்லாமல் போகாது.

கொங்குப் பகுதி கேட்டதும் கிடைத்ததும்

கொச்சியிலிருந்து பெங்களூரு, மங்களூரு செல்லும் குழாய்த் திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள் 310 கிலோமீட்டர் வருகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்கள். விளைநிலத்தின் நடுவே வேண்டாம், தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். 2013-ல் தமிழக அரசும் அதையே சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டது. குழாய் பாதையை முடிவுசெய்யும் அதிகாரம் மத்திய சட்டத்தின் கீழ் வருகிறது என்பதால், சட்டப்படி அந்தக் கதவு அத்தோடு பெருமளவு மூடப்பட்டது.

அதே குழாய்த் திட்டம் கேரளத்தில் வேறு மாதிரி போயிற்று. அங்கேயும் போராட்டம் வந்தது. 2017 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் முக்கம் பகுதியில் தடியடி வரை போனது. அதன்பிறகு அந்த மாநில அரசு பேச்சுவார்த்தை நடத்தி, நிலத்துக்கான இழப்பீட்டை உயர்த்தியது. 10 சென்ட்டும் அதற்குக் குறைவாகவும் வைத்திருப்பவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் தனி உதவித்தொகை என்றும் அறிவித்தது. கொச்சி-மங்களூரு குழாய் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். கூடுதலாகக் கொடுக்கச் சட்டம் எங்கேயும் தடை போடவில்லை.

டெல்டாக்காரர்களின் வருத்தம் இன்னொரு வகை. திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வயலுக்கு அடியிலிருந்தே பல காலமாக வாயு எடுக்கிறார்கள். கோவில்களப்பால், குத்தாலம் மின்நிலையங்கள் அந்த வாயுவில் ஓடுகின்றன. வயல்காரர் வீட்டில் சிலிண்டர்தான். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கிறது. ஆனால், குழாய் பதிப்பது போன்ற உள்கட்டமைப்புப் பணிகளை அது தடுக்கவில்லை. டெல்டா விவசாயிகளில் பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

விவசாயிக்கு இந்த வாயுவால் ஒரு பயனும் இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. யூரியா செய்வதே இயற்கை எரிவாயுவில்தான். மணலி, தூத்துக்குடி உர ஆலைகள் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறிவிட்டன. எண்ணூர் முனையமும் ராமநாதபுரம்-தூத்துக்குடி குழாயும் வந்த பிறகே இது சாத்தியமானது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதில், மானியத்தோடு, இதற்கும் பங்கு உண்டு. குழாயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு யூரியாவுக்கு வரிசையில் நிற்க முடியாது. அதனால்தான், குழாய் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

ஆண்டு வாடகை கொடுத்தால் என்ன?

ஒருமுறை கொடுத்துக் கணக்கு முடிப்பதற்குப் பதிலாக, குழாய் மண்ணுக்குள் இருக்கும் வரை ஆண்டுதோறும் வாடகை தரச் சொல்லி விவசாயிகள் கேட்கிறார்கள். செல்போன் கோபுரத்துக்கு மாத வாடகை தருவதைப் பார்த்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. ‘கட்டுப்படியாகாது’ என்று உடனே பதில் வரும். உண்மையிலேயே கட்டுப்படியாகாதா?

310 கிலோமீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். மொத்தம் 620 ஹெக்டேர், ஏக்கரில் 1,532. ரோடு, ஆறு, புறம்போக்கு எதையும் கழிக்க வேண்டாம். எல்லாமே பட்டா நிலம் என்று வைத்து, ஏக்கருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் வாடகை கொடுத்தால், மொத்தம் 3 கோடியே 6 லட்சம் ரூபாய். அந்தக் குழாயில் நாளைக்கு 50 லட்சம் கனமீட்டர் வாயு போகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு 182 கோடியே 50 லட்சம் கனமீட்டர். வகுத்துப் பார்த்தால், கனமீட்டருக்கு ஒன்றே முக்கால் காசுகூட வரவில்லை. கோவையில் இருக்கும் அந்த மகள் மாதம் 15 கனமீட்டர் எரித்தால், அப்பாவின் தோட்ட வாடகைக்காக அவர் பில்லில் கூடுவது 25 காசு.

மூன்று ரூபாயை ஒட்டிய குழாய் வாடகையில் இது எந்த மூலைக்கு? தூரத்தில் இருக்கும் நுகர்வோருக்காகப் பக்கத்தில் இருப்பவர் கூடுதலாகக் கட்டுவதை ஏற்றுக்கொண்ட கட்டண முறையில், குழாயைத் தன் மண்ணில் தாங்குகிறவருக்காக இரண்டு காசு சேர்ப்பது ஆகாத காரியமல்ல. குழாய் கட்டணத்தை வாரியம் நிர்ணயிப்பதற்கு முன்பு பொதுமக்கள் கருத்து கேட்கிறது. அங்கே குழாய் நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் மனு போடுகின்றன. விவசாய சங்கங்கள் பெரும்பாலும் ஆட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடுகின்றன. இரண்டு இடத்துக்கும் போக வேண்டும்.

குழாய் கடக்கும் கிராமங்களுக்கு இணைப்பு கொடுப்பதையும் ஏல நிபந்தனையில் சேர்க்கச் சொல்லலாம். அதற்கு ஆகும் கூடுதல் செலவுக்கு, வடகிழக்குக்குக் கொடுத்ததுபோல் அரசு மானியம் கேட்பதிலும் தவறில்லை. ஆனால், மானியம் இணைப்போடு நின்றால் போதாது. சிலிண்டரில் பட்ட அனுபவம் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில், இணைப்புக்கு 1,600 ரூபாய் அரசு கொடுத்தது. இணைப்பு வந்தது, நிரப்பும் சிலிண்டருக்குப் பணமில்லாமல் விறகுக்குத் திரும்பிய வீடுகளும் உண்டு.

குழாய் வராத தோட்டத்து வீட்டுக்கு

கொங்குப் பகுதியில் வீடுகள் தோட்டத்துக்குள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. எந்தக் கொள்கை வந்தாலும் அந்த வீடுகளுக்குக் குழாய் வருவது சந்தேகம்தான். நான்கைந்து மாடு நிற்கும் தொழுவம் இருந்தால், 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் போதும். நாளைக்கு 50 கிலோ சாணம். ஒரு கனமீட்டர் சாண எரிவாயு, 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். கலன் ஒழுங்காக ஓடினால் 17 நாளைக்கு ஒரு சிலிண்டர் அளவுக்கு வாயு, குளிர்காலத்தில் குறையும். வெளிவரும் கரைசல் தென்னைக்கு நல்ல உரம். ஊரே சேர்ந்து பெரிய அளவில் செய்ய நினைப்பவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. நகர எரிவாயு நிறுவனங்கள் சாணம், கழிவிலிருந்து வரும் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுவை 2025-26 முதல் கலந்தே விற்க வேண்டும். 1 சதவிகிதத்தில் தொடங்கி 2028-29-ல் 5 சதவிகிதம். அந்த ஆலையிலிருந்து பெரிய குழாய் வரைக்கும் இணைப்புக் குழாய் போட மத்திய அரசு நிதியுதவியும் தருகிறது.

கல் நட்ட தோட்டத்தில் இப்போது செய்ய வேண்டியது

கேள்வி கேட்ட வாசகருக்கும், அவரைப் போன்றவர்களுக்கும் சில விவரங்கள். சட்டத்தின் 3(1) பிரிவில் அரசிதழ் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள், இதற்கென நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரியிடம் ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. தேதி போட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. கிணறு, போர், வீடு, சொட்டுநீர் மெயின் குழாய் ஆகியவற்றுக்கும் குழாய் பாதைக்கும் உள்ள தூரத்தை வரைபடமாக இணைத்தால், பாதையைச் சில மீட்டர் நகர்த்தக் கேட்பதற்கு வலு இருக்கும். அறிவிப்புக்குப் பிறகு கட்டியதற்கும் செய்த மேம்பாட்டுக்கும் இழப்பீடு கிடையாது.

அறிவிப்பு வந்ததும் அடங்கலில் என்ன பயிர் பதிவாகியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். தென்னை நிற்கும் காட்டில் அடங்கல் ‘தரிசு’ என்று சொன்னால் பின்னால் தொல்லை. மரங்களுக்கு எண் போட்டு, வயது, காய்ப்பு விவரத்தோடு புகைப்படம் எடுத்துவையுங்கள். கொடுத்த தொகை போதாது என்று பட்டால், அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். பணத்தை வாங்கிக்கொள்ளும்போது ‘ஆட்சேபனையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுவது நல்லது.

குழி தோண்டும்போது கூடவே நிற்க வேண்டும். மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம் தனித்தனியாகக் குவிக்கச் சொல்லுங்கள். மூடும்போது அடிமண் கீழே, மேல்மண் மேலே. இது மாறிப்போனால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அந்தப் பட்டை மட்டும் வெளுத்துத் தெரியும். எந்திரம் ஓடி இறுகிய மண்ணை உளிக்கலப்பையால் உடைக்கலாம் என்று நினைத்தால், முதலில் குழாய் நிறுவனத்தாரைக் கேட்டு, எவ்வளவு ஆழம் வரை அனுமதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட்டு, 5 டன் தொழுவுரம் போட்டு, முதல் போகம் நிலக்கடலையோ உளுந்தோ விதைக்கலாம்.